லவ்வர்ஸ் ராக்: லண்டன் வீடுகளுக்குள்ள வளர்ந்த ரெகே

(திரையில்: தெற்கு லண்டன், வரிசை வீடுகள், சனிக்கிழமை ராத்திரி)

ஜமைக்காவோட ரெகே இசைன்னா நமக்கு முதல்ல ஞாபகம் வர்றது பாப் மார்லி. ஆனா 1970கள்ல லண்டன்ல வளர்ந்த கரீபியன் குடும்பத்துப் பிள்ளைங்களுக்குன்னே தனியா ஒரு ரெகே இருந்துச்சு. பேரு லவ்வர்ஸ் ராக். ஜமைக்காவுல இருந்து ராஸ்தாங்கிற அந்த ஊர்ச் சமயத்தோட பக்தியும் கலகமும் பாட்டா வந்துட்டிருந்த நேரத்துல, இங்க இளம்பொண்ணுங்க காதலைப் பாடினாங்க. 1975ல லூயிசா மார்க்ங்கிற பள்ளிக்கூடத்துப் பொண்ணு பாடின பாட்டைத்தான் இதோட தொடக்கமா சொல்றாங்க.

(திரையில்: ஆளுயர ஸ்பீக்கர் பெட்டிகள்)

அன்னைக்குப் பல கிளப்புகள்ல கறுப்பினப் பசங்களை வாசல்லயே திருப்பி அனுப்பிடுவாங்க. ரேடியோவுலயும் இந்தப் பாட்டு அபூர்வம். அதனால யாராவது ஒருத்தர் வீட்டுல சோபாவை ஒதுக்கி, கம்பளத்தைச் சுருட்டி, ஸ்பீக்கர் பெட்டிகளை உள்ள இறக்குவாங்க. அடுப்படியில ஆட்டுக்கறிக் குழம்பு கொதிக்கும். ஜோடிங்க நின்ன இடத்துலயே மெல்ல அசைஞ்சு, விடிய விடிய ஆடுவாங்க. இதுக்கு 'ப்ளூஸ் பார்ட்டி'ன்னு பேரு.

அந்த வீடுகள்ல இருந்து ஒரு பாட்டு நாடு முழுக்கப் போச்சு. டென்னிஸ் போவெல் எழுதித் தயாரிக்க, ஜேனட் கே பாடின 'சில்லி கேம்ஸ்'. 1979ல பிரிட்டிஷ் தரவரிசையில 2ஆவது இடம்! அதுல ஒரு இடத்துல குரல் மேல் ஸ்தாயிக்கு ஏறும் பாருங்க, எனக்கு இன்னிக்கும் சிலிர்க்கும். 2020ல பிரிட்டிஷ் இயக்குநர் ஸ்டீவ் மெக்வீன் எடுத்த 'லவ்வர்ஸ் ராக்' படத்துல, இசைத்தட்டு நின்ன பிறகும் கூட்டம் அதே பாட்டைத் தானா பாடிக்கிட்டே ஆடும். அந்தக் கூட்டத்துல போவெல்லும் இருக்கார்.

(திரையில்: பாஸ் கிட்டார், தடித்த கம்பி அதிர்வது)

சரி, அந்தத் தலைமுறை இன்னைக்கு இதே பாட்டை போன்ல கேட்டா ஏன் நிறைவா இருக்கறதில்ல? ரெகேல கிட்டார் தாளத்தட்டுகளுக்கு இடையில 'சக்', 'சக்'னு வெட்டிட்டுப் போகும். மெட்டைச் சுமக்கறது பாஸ்தான். பாஸ் கிட்டாரோட தடித்த கம்பி சுமார் 41 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 41 அதிர்வு. அவ்வளவு தாழ்ந்த ஒலியைப் போனோட குட்டி ஸ்பீக்கரால தரவே முடியாது. குரல் கேக்கும், கிட்டார் கேக்கும். அன்னைக்கு நெஞ்செலும்புல அதிர்ந்தது மட்டும் வராது. அவங்க ஏங்கறது அந்த அதிர்வுக்குத்தான்னு நான் நம்பறேன்.

அதனால 'சில்லி கேம்ஸ்' கேக்கறதுன்னா நல்ல பெரிய ஸ்பீக்கர்ல கேளுங்க. முதல் தடவை குரலை விட்டுட்டு, பாஸ் பின்னாடியே போங்க.