பச்சை நெல்லை விற்றவரைக் கேளுங்கள்

நடுவர் அவர்களே, யாங்கோன் தமிழ்ச் சொந்தங்களே, வணக்கம். குடும்பத்தைக் காப்பது கடனா, சேமிப்பா? கடன்தான்.

எதிரணி அண்ணன் சற்றுமுன் ஒரு வெடியைக் கொளுத்திப் போட்டார். "வட்டிக்குப் பணம் கொடுத்த நம்மூர்ச் செட்டியாரிடம் கடன் வாங்கித்தானே அந்தக் காலத்துப் பர்மா விவசாயி நிலத்தை விட்டான்?" நீங்களும் கை தட்டினீர்கள். கணக்கைப் பாருங்கள். கீழ்ப்பர்மாவின் 13 நெல் மாவட்டங்களில் 1930இல் செட்டியார்களிடம் இருந்தது 6 சதவீத நிலம். 1937இல் 25 சதவீதம். இடையில் என்ன நடந்தது? உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை பாதிக்கும் கீழே போனது. நெல் பாதி விலை, கடன் மட்டும் பழைய அளவு! அந்த நேரத்தில் தவணையைத் தள்ளிவைக்க வழி இருந்திருந்தால் நிலம் தங்கியிருக்கும் அண்ணே. குற்றவாளி விலை. தண்டனை கடனுக்கா?

இப்போது பெகு பக்கத்தில் இருக்கும் என் மாமா கதையைக் கேளுங்கள். கதிர் இன்னும் பச்சை. மகளுக்கு டெங்குக் காய்ச்சல். கையில் காசில்லை, கடன் கொடுக்கவும் ஆளில்லை. நிற்கிற பயிரையே வியாபாரிக்கு விற்றார். அறுவடைக்கு முன்பே நெல்லை விற்பதைப் பர்மாவில் சபபே என்பார்களே, அதுதான். விலை சொன்னது யார்? வியாபாரி. அறுத்தபின் எடை போட்டது யார்? வியாபாரி. ஈரம் என்று கழித்தது? அவரேதான்! அப்புறம் மழைக்காலம் வந்தது. என் மாமா, தான் விளைவித்த நெல்லை, கடையில் அரிசியாக, கூடுதல் விலைக்கு வாங்கினார். சொந்த நெல்லய்யா!

சேமித்திருக்கலாம் என்கிறார்கள். எதிலிருந்து?

2011இல் மியன்மாரில் நுண்கடன் சட்டம், அதாவது ஏழைகளுக்குச் சிறு கடன் கொடுப்பதற்கான சட்டம் வந்தது. பிறகு அத்தை ஒரு பெண்கள் குழுவில் சேர்ந்து கடன் வாங்கினார். அடுத்த போகத்து நெல் விலை ஏறும்வரை வீட்டிலேயே இருந்தது. கடன் வாங்கினால் பணக்காரர் ஆகலாம் என்று நான் சொல்லவில்லை. நுண்கடன் பற்றி 2015இல் வெளிவந்த ஆறு நாட்டு ஆய்வுகளும் அப்படிச் சொல்லவில்லை. மழைக்காலத்தில் அடுப்பு எரிந்தது, அது போதும் எனக்கு.

என் அம்மா தோட்டை அடகு வைத்துத்தான் எனக்குப் பள்ளிக் கட்டணம் கட்டினார். அதுவும் கடன்தான் நடுவர் அவர்களே. அந்தக் கடன் கிடைக்காத வீடுகளில் என்னோடு படித்த பெண் பிள்ளைகள் ஏழாம் வகுப்போடு நின்றுவிட்டார்கள். அவர்களில் சிலர் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறார்கள். தீர்ப்புச் சொல்லும்முன் அவர்களை ஒரு வார்த்தை கேளுங்கள். நன்றி.