ஒரே இரவில 90 வீதம் விழுந்த பங்கு: மூதூர்த் தம்பியின்ட கேள்விக்குப் பதில்

சரி, அடுத்த கேள்வி. இதை நான் மூண்டு நாளாத் தலைக்குள்ள வைச்சுக்கொண்டு திரியிறன். மூதூரில இருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். புதுசா வந்தாக்களுக்கு முதல் ஒரு வரி: ஜோன் கீல்ஸ் கொழும்புச் சந்தையில உள்ள ஒரு கம்பனி, அமிபுரோக்கர் பங்கு விலையை அலசிற சொஃப்ட்வெயர், பேக்டெஸ்ட் எண்டா வாங்கிற விக்கிற விதியைப் பழைய விலையில ஓட்டிப் பாக்கிறது, ஸ்டொப் லொஸ் எண்டா விலை குறிச்ச அளவுக்குக் கீழ போனா வித்துப் போடுறது. இனி வாசிக்கிறன், கேளுங்கோ.

"அண்ணை, ஜோன் கீல்ஸ் பங்கின்ட பத்து வருசத் தரவை அமிபுரோக்கரில ஏத்தி பேக்டெஸ்ட் செய்து பாத்தன். எல்லாம் நல்லாப் போச்சுது. 2024 கடைசியில ஒரே நாளில 90 வீதம் விழுந்து, ஸ்டொப் லொஸ் அடிச்சு, லாபம் முழுக்கப் போயிட்டுது. சொஃப்ட்வெயர் பிழையா? வேற எதை வாங்கலாம்?"

தம்பி, குறை நினைக்க வேண்டாம், வாசிச்சிட்டுச் சிரிச்சன். நானும் விழுந்து எழும்பின குழி இது. ஒண்டும் வாங்க வேண்டாம். சொஃப்ட்வெயர் குடுத்ததைத்தான் படிச்சிருக்குது. 2024 நவம்பரில ஜோன் கீல்ஸ் ஒரு பங்கைப் பத்தாப் பிரிச்சது. 200 ரூபாவில நிண்டது 20 ரூபா ஆகும், ஆனா கையில இருந்த 100 பங்கு 1000 ஆகியிருக்கும். காசு அப்பிடியே கிடக்குது. சொஃப்ட்வெயருக்கு விலை மட்டும்தான் தெரியும், பங்கு பெருகினதை அதுக்கு ஒருத்தரும் சொல்லேல்லை.

இதில எனக்கு அப்பாவின்ட கொப்பிதான் ஞாபகம் வரும். ஓம், ஓம், பழைய ஆக்களுக்கு இந்தக் கதை தெரியும். புதுசா வந்தாக்களுக்காகச் சொல்லுறன், மற்றவை கொஞ்சம் பொறுங்கோ.

அப்பா திருக்கடலூரில ஒரு சம்மாட்டியின்ட மீன் வாடியில கணக்கெழுதினவர். இறாத்தல் போய் கிலோ வந்த காலம். ஒரு பக்கத்தில பாரை இறாத்தல் 2 ரூபா. மற்ற நாள் பக்கத்தில பாரை 4 ரூபா 40 சதம். சம்மாட்டியின்ட மருமகன் கொப்பியைப் புரட்டிப் பாத்திட்டு, "என்ன, ஒரு இரவுக்குள்ள மீன் இரண்டு மடங்கு விலையா? ஆர் இதில விளையாடினது?" எண்டு துள்ளினவராம். அப்பா முதல் மட்டையின்ட உள்பக்கத்தைத் திருப்பிக் காட்டினவர். அங்க சிவப்பு மையால ஒரு வரி: இந்தத் தேதி வரைக்கும் இறாத்தல், பிறகு கிலோ, 1 கிலோ எண்டா 2.2 இறாத்தல். பழைய பக்கம் ஒண்டையும் அவர் தொடேல்லை. பாணை மட்டும் நாங்கள் இண்டைக்கும் இறாத்தல் எண்டுதான் கேக்கிறம், அது வேற கதை.

தம்பி, உங்களிட்ட இல்லாதது அந்தச் சிவப்பு வரிதான்.

இனி நான் செய்த கூத்தைக் கேளுங்கோ. அமிபுரோக்கரில ஸ்பிளிட் எண்டு ஒரு வசதி இருக்கு. பங்கைத் தெரிவு செய்து, தேதியும் விகிதமும் குடுத்தா பழைய விலையை எல்லாம் அதுவே பிரிச்சுப் போடும். நானும் குடுத்தன். ஆனா நான் இறக்கின ஃபைல் ஏற்கெனவே திருத்தின ஃபைல். ஃபைலைத் தந்தவை ஒருக்காப் பத்தால பிரிச்சது, நான் இன்னொருக்காப் பத்தால பிரிச்சது. அப்ப பழைய விலை என்ன ஆச்சு? 200 ரூபா இருந்த இடத்தில 2 ரூபா. அடுத்த நாள் 20 ரூபா. பேக்டெஸ்ட் என்னைப் பெரிய பணக்காரனாக்கிப் போட்டுது! இரண்டு நாள் சந்தோசமாத் திரிஞ்சன், மனுசிக்கும் சொல்லிப்போட்டன். மூண்டாம் நாள்தான் வரைபடத்தைப் பெருசாக்கிப் பாத்தது. மதில் மாதிரி நேர நிக்குது.

உண்மையில நான் எதிர்பாக்கிற கேள்வி இதுதான். தம்பிக்கு நட்டம் காட்டினதால எழுதியிருக்கிறார். லாபம் காட்டியிருந்தா எழுதியிருப்பாரா? "அண்ணை, என்ர பேக்டெஸ்ட் அள்ளிக் கொட்டுது, தரவு பிழையா?" எண்டு இந்தச் சனலுக்கு இதுவரைக்கும் ஒருத்தரும் கேக்கேல்லை.

அப்ப எப்பிடி வைக்கிறது? நான் வைக்கிற விதத்தைச் சொல்லுறன். சந்தையில அண்டைக்கு என்ன விலைக்குப் போச்சுதோ அது ஒரு ஃபோல்டரில கிடக்கும். திருத்திறது, வெட்டிறது, நிரப்பிறது ஒண்டும் அதில இல்லை. பக்கத்தில ஒரு சின்ன ஃபைல், அதுதான் சிவப்பு மை: தேதி, பங்கு, என்ன நடந்தது, எத்தினையால பெருக்க வேணும். இந்த இரண்டையும் சேத்து ஒவ்வொரு முறையும் புதுசாத் திருத்தின தரவு செய்து சொஃப்ட்வெயருக்குக் குடுக்கிறது. அது கெட்டாலும் அழிச்சுப்போட்டுத் திரும்பச் செய்யலாம்.

திருத்தின தரவை மட்டும் வைச்சுக்கொண்டா என்ன எண்டு கேப்பியள். நல்லாக் கேளுங்கோ. "20 ரூபாவுக்குக் கீழ உள்ள பங்கை மட்டும் வாங்கு" எண்டு ஒரு விதி எழுதிறியள். ஜோன் கீல்ஸ் 150 ரூபாவுக்குப் போன காலம் திருத்தின தரவில 15 ரூபா. சொஃப்ட்வெயர் போய் வாங்கும். அண்டைக்கு அந்தப் பங்கை 15 ரூபாவுக்கு ஆர் கண்டது? வருசக்கணக்குக்குப் பிறகு வரப்போற பிரிப்பு உங்கட விதிக்கு முதலே தெரிஞ்ச மாதிரி ஆகுது. விலையைப் பாக்கிற விதிக்கு மூல விலை, ஏற்ற இறக்கத்தைப் பாக்கிறதுக்குத் திருத்தின விலை. இரண்டும் வேணும் எண்டு சொல்லுறது இதுக்குத்தான்.

உரிமைப் பங்கு, அதாவது ஏற்கெனவே பங்கு வைச்சிருக்கிறாக்களுக்குக் கம்பனி குறைஞ்ச விலைக்குப் புதுப் பங்கு குடுக்கிறது, அது வந்தாலும் சிவப்பு வரி எழுத வேணும். உதாரணத்துக்கு, விலை 200, பத்துப் பங்குக்கு ஒண்டு 160 ரூபாவுக்குக் குடுக்கினம். பத்துத் தரம் 200, அதோட 160, மொத்தம் 2160. பதினொண்டால பிரிச்சா 196 ரூபா 36 சதம். அப்ப பழைய விலையை 0.98 அளவால பெருக்க வேணும். சின்னத் தொகைதான், ஆனா இதை விட்டா அண்டைக்கு 2 வீதம் சும்மா விழுந்த மாதிரி நிக்கும்.

நேரத்துக்கும் இதே கதைதான். 1996 மே மாசம் இலங்கையில மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளிச்சினம், ஒக்டோபரில அரை மணித்தியாலம் பின்னுக்கு இழுத்தினம், மிச்ச அரை மணித்தியாலம் 2006 ஏப்ரலிலதான் திரும்பி வந்தது. எங்கட பக்கத்தாக்களுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. சில ஊர்கள் மாறவே இல்லை. கலியாணக் கார்ட்டில "பழைய நேரம்" எண்டு போட்டு அடிச்ச காலம். இப்ப அமெரிக்கப் பங்கின்ட நிமிசத் தரவு வைச்சிருக்கிறாக்களுக்கு அதுதான் நடக்குது. நியூயோர்க் சந்தை அங்கத்தைய காலமை 9.30க்குத் திறக்கும். எங்களுக்கு அது கோடையில பின்னேரம் 7 மணி, குளிர் காலத்தில 8 மணி. "7 மணிக்கு வாங்கு" எண்டு எழுதி வைச்சா, வருசத்தில ஒரு பகுதி பூட்டின கடைக்கு முன்னால போய் நிண்டு வாங்கின மாதிரி. நேரத்தை உலகப் பொது நேரத்தில எழுதி வையுங்கோ, பாக்கேக்க மாத்திப் பாக்கலாம்.

தம்பி, கடைசியா ஒரு வேலை தாறன். இண்டைக்கு இரவே செய்யலாம். உங்கட ஜோன் கீல்ஸ் ஃபைலைத் திறந்து 2022 ஏப்ரல் 18 தொடக்கம் 22 வரைக்கும் பாருங்கோ. அந்தக் கிழமை கொழும்புச் சந்தை பூட்டு. 2020 ஏப்ரலையும் பாருங்கோ, கொரோனாவால மே 11இல திறக்கும் வரைக்கும் ஒரு வியாபாரமும் இல்லை. பிறகு கலண்டரை எடுத்து, வார நாளில வந்த போயா நாளுகளைப் பாருங்கோ, போயாவுக்கும் சந்தை இல்லை. இந்த நாளுகளுக்கு உங்கட ஃபைலில ஒரு வரி இருந்தா, அந்த விலையை ஆரோ இருந்து நிரப்பியிருக்கினம். எத்தினை வரி எண்டு எண்ணி எனக்கு எழுதுங்கோ.

சரி, அடுத்தது நிலாவெளியில இருந்து ஒரு அக்கா. எக்ஸெலில தேதி எல்லாம் மாதமும் நாளும் இடம் மாறி வருதாம்...