அடிமைகளின் கிளர்ச்சியை மூல ஆவணங்கள், படங்கள் வைத்து நடத்துவது எப்படி? – சந்தேகங்களுக்கு விளக்கம்

அடுத்த கேள்வி, ஒரு வரலாற்று ஆசிரியர் அனுப்பியிருக்காங்க. படிச்சிடறேன். "பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அமெரிக்க அடிமை முறை பத்திச் சொல்றப்ப, 1831-ல நடந்த நாட் டர்னர் கிளர்ச்சியை முதன்மைச் சான்றுகளை வச்சு நடத்தணும்னு ஆசை. ரெண்டு பீரியட்தான் கிடைக்கும். அந்த வருஷமே வந்த மர அச்சுப் படத்தையும், நாட் டர்னரோட வாக்குமூலப் புத்தகத்தையும் எடுத்து வச்சிருக்கேன். போன வருஷம் படத்தைக் காட்டினதும் 'ஐயோ, குழந்தைங்களைக் கொல்றாங்களே'ன்னு ஒரே சத்தம். அதோட பாடம் நின்னுபோச்சு. எங்க தப்பு பண்றேன்?"

படம் சரியான படம்தாங்க. அதை முதல்ல காட்டினதுதான் சிக்கல். எந்தத் தாளை முதல்ல கையில கொடுக்கிறீங்களோ, அதோட கண்ணாலதான் பிள்ளைங்க மிச்சத்தைப் பார்ப்பாங்க. அந்தப் படத்தைப் பயந்துபோன வெள்ளைக்காரங்களுக்காக அச்சடிச்சாங்க. அதுலயே ஆரம்பிச்சா, உங்க வகுப்பும் அந்தப் பயத்துலயே உட்கார்ந்துக்கும்.

கதைச் சுருக்கத்துக்கு அஞ்சு நிமிஷம் போதும். அமெரிக்காவுல வர்ஜீனியா மாநிலத்துத் தென்கிழக்கு மூலையில சவுத்தாம்ப்டன் கவுண்டி, நம்ம மாவட்டம் மாதிரி. 1831 ஆகஸ்ட் 21, ஞாயித்துக்கிழமை ராத்திரி, அங்க அடிமையா இருந்த நாட் டர்னரும் கூட ஆறு பேரும் கிளம்புறாங்க. போகப் போக ஆள் சேருது. ரெண்டு நாள்ல சுமார் 55 வெள்ளையர்கள் கொல்லப்படுறாங்க. படை வந்து அடக்குது. நாட் மட்டும் ரெண்டு மாசத்துக்கு மேல அதே வட்டாரத்துல ஒளிஞ்சிருந்து, அக்டோபர் 30-ல பிடிபடுறார். நவம்பர் 5 விசாரணை, 11 தூக்கு. இதுக்கு மேல நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம், மிச்சத்தைத் தாளுங்க சொல்லட்டும்.

முதல் தாள், நவம்பர் 5 விசாரணையோட நீதிமன்றக் குறிப்பு. முழுசா வேண்டாம், நாலஞ்சு வரி போதும். ஜெராக்ஸ் எடுத்து, அதுல ஒரு இடத்தை மட்டும் வெள்ளைத் தாள் ஒட்டி மறைச்சுக் கொடுங்க. மரண தண்டனை சொல்லி முடிச்ச கையோட நீதிமன்றம் ஒரு எண் எழுதுது. அது என்ன எண்ணா இருக்கும்னு கேளுங்க. வயசும்பாங்க, கைதி நம்பரும்பாங்க, கொலை எண்ணிக்கைம்பாங்க. அப்புறம் ஒட்டினதைப் பிரிக்கச் சொல்லுங்க. 375 டாலர். நாட் டர்னரோட விலை.

தூக்குத் தண்டனையில எதுக்கு விலை? வர்ஜீனியா சட்டப்படி ஒரு அடிமையை அரசு தூக்குல போட்டா, உடைமைக்காரருக்கு அரசு பணம் கொடுக்கணும். இல்லேன்னா முதலாளி தன் 'சொத்தை' விசாரணைக்குக் கொடுக்காம ஒளிச்சு வச்சிடுவார். அதனால தீர்ப்பு எழுதுற நீதிபதிகளே விலையும் போடணும். சாகப்போற மனுஷன் அந்தத் தாள்லயே சரக்கா இருக்கார். அடிமை முறைன்னா என்னன்னு நீங்க பதினஞ்சு நிமிஷம் விளக்குறதை இந்த ஒரு எண் விளக்கிடும்.

இதே தாள்ல ஒரு பொறி இருக்கு, பல பேர் விழுவாங்க. நாட் டர்னர் பட்னம் மூர்ங்கிற ஆளோட உடைமைன்னு எழுதிட்டு, பக்கத்துல 'இன்ஃபன்ட்'னு போட்டிருக்கும். அகராதியைப் பார்த்துக் 'கைக்குழந்தை'ன்னு மொழிபெயர்த்துடாதீங்க. சட்ட மொழியில அதுக்கு மைனர்னு அர்த்தம். பட்னம் மூர் சின்னப் பையன். அவனோட அம்மாவை மறுமணம் பண்ணினவர் ஜோசப் டிராவிஸ். நாட் இருந்தது டிராவிஸ் வீட்டுல, சட்டப்படி சொந்தம் அந்தப் பையனுக்கு. முதல் ராத்திரியே டிராவிஸ் குடும்பத்தோட அந்தப் பையனும் கொல்லப்பட்டான். இதை மறைக்காதீங்க. மறைச்சா பின்னால மர அச்சுப் படம் வர்றப்ப பிள்ளைங்க உங்களை நம்ப மாட்டாங்க.

ரெண்டாவது தாள், தேடப்படும் அறிவிப்பு. செப்டம்பர் 17-ல ஆளுநர் ஜான் ஃபிளாய்ட் 500 டாலர் பரிசு அறிவிக்கிறார். அங்க அடையாளம் எல்லாம் இருக்கும். வயசு 30-லேர்ந்து 35, உயரம் அஞ்சடி ஆறு இல்லேன்னா எட்டு அங்குலம், எடை 150-160 பவுண்டு. நம்ம கணக்குல 68-லேர்ந்து 73 கிலோ. அகலத் தோள், பெரிய கண், உச்சந்தலையில முடி கம்மி, மேல் உதட்டுலயும் மோவாய் நுனியிலயும் மட்டும் தாடி, நடை சுறுசுறுப்பு. நெத்திப்பொட்டுல ஒரு தழும்பு, பின்கழுத்துல ஒண்ணு. வலது கை மணிக்கட்டுகிட்ட எலும்புல ஒரு பெரிய முடிச்சு, அடி பட்டதால வந்ததுன்னு போட்டிருக்கு.

இதைத் தமிழ்ல வாசிச்சிட்டு, எட்டு நிமிஷம் கொடுத்து முகத்தை வரையச் சொல்லுங்க. வரைஞ்சு முடிச்சதும் ரெண்டே கேள்வி. மணிக்கட்டுல அந்த அடி யார் அடிச்சதுன்னு அறிவிப்பு சொல்லுதா? சொல்லலை. ஒரு ஆளோட உடம்பை இவ்வளவு நுணுக்கமா எழுதின தாள், அவர் ஏன் கிளம்பினார்னு ஒரு வரியாவது எழுதியிருக்கா? எழுதலை. தாளுக்குத் தேவைப்பட்டது அவரைப் பிடிக்கிறதுக்கான அடையாளம் மட்டும்தான்.

வரையச் சொல்றதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. நாட் டர்னரை நேர்ல பார்த்து வரைஞ்ச நம்பகமான படம்னு ஒண்ணு கிடையாது. காட்டுல துப்பாக்கிக்காரர் ஒருத்தர் அவரைப் பிடிக்கிற மாதிரி நிறைய புத்தகத்துல வருமே, அது 19-ஆம் நூற்றாண்டோட பிற்பகுதியில வரைஞ்சது. பிள்ளைங்க வரைஞ்ச முகமும் அந்தப் படமும் கற்பனைங்கிற அளவுல ஒண்ணுதான். பேரைப் போட்டுத் தேடினா இப்பக் கம்ப்யூட்டர் உருவாக்கின முகங்களும் சேர்ந்து வருது. யார், எப்ப செஞ்சாங்கன்னு தெரியாத படம் எதையும் வகுப்புக்குள்ள விடாதீங்க.

முதல் பீரியட் இதோட முடிஞ்சிடும். ரெண்டாவது பீரியட்ல வாக்குமூலம். இங்கதான் நேரத்தைச் செலவழிக்கணும்.

அந்தப் புத்தகத்தை எழுதினது தாமஸ் கிரேங்கிற வக்கீல். நிறைய பேர் இவரை நாட் டர்னரோட வக்கீல்னு எழுதிடறாங்க, தப்பு. நீதிமன்றம் நாட் டர்னருக்குப் போட்ட வக்கீல் வில்லியம் பார்க்கர். கிரே, மத்த சில கைதிகளுக்கு வாதாடினவர். நவம்பர் 1-ஆம் தேதி சிறைக்குப் போய்ப் பேச ஆரம்பிக்கிறார். 10-ஆம் தேதி வாஷிங்டன்ல புத்தகத்துக்கு உரிமை பதியுறார். மறுநாள் நாட் தூக்குல தொங்குறார். அந்த மாசமே பால்டிமோர்ல புத்தகம் அச்சாகுது. இந்தத் தேதிகளைப் பலகையில வரிசையா எழுதிட்டுச் சும்மா நில்லுங்க. 'சார், விக்கிறதுக்குத்தானே எழுதினார்'னு யாராவது ஒரு பிள்ளை கேட்கும்.

அப்போ எல்லாம் பொய்யான்னு அடுத்த கேள்வி வரும். அந்தப் பக்கமும் சாய விடக் கூடாது. மூணு சின்னப் பகுதி எடுத்துக்கோங்க, மொத்தம் 200 சொல்லுக்குள்ள. ஒண்ணு, சோளத்து மேல பனி மாதிரி ரத்தத் துளிகளைப் பார்த்தேன்னு நாட் சொல்ற இடம். ரெண்டு, 1831 பிப்ரவரி சூரிய கிரகணத்தை அடையாளமா எடுத்துக்கிட்டதும், ஜூலை 4-ன்னு குறிச்சிருந்த திட்டம் அவர் உடம்பு சரியில்லாம தள்ளிப்போனதும். மூணு, 'நீ நினைச்சது தப்புன்னு இப்பவாவது தெரியுதா?'ன்னு கிரே கேட்க, 'கிறிஸ்துவைச் சிலுவையில அறையலையா?'ன்னு நாட் திருப்பிக் கேட்கிற இடம்.

கையில ரெண்டு கலர் பென்சில் கொடுங்க. நாட் டர்னருக்கு மட்டுமே தெரிஞ்சிருக்கக்கூடியதுக்குச் சிவப்பு. எழுதினவரோட குரலா இருக்கக்கூடியதுக்கு நீலம். சோளத்து ரத்தம் சிவப்பாயிடும். கடைசியில கிரே, 'அவனைப் பார்த்தப்ப என் ரத்தம் உறைஞ்சது'ன்னு எழுதுறாரே, அது சந்தேகமே இல்லாம நீலம். நடுவுல சில வரிக்கு ஒரு பெஞ்சு சிவப்பும்பாங்க, அடுத்த பெஞ்சு நீலம்பாங்க. சண்டை போடட்டும், தீர்ப்பு சொல்லாதீங்க. 'எந்தச் சொல்லை வச்சு அப்படிச் சொல்றே?'ன்னு மட்டும் கேட்டுக்கிட்டே இருங்க.

இன்னொரு ஒப்பீடும் கைவசம் வச்சுக்கோங்க. கிரே புத்தகத்துல, வாக்குமூலத்தை நீதிமன்றத்துல வாசிச்சதாவும், நீதிபதி ஜெரமையா காப் நீளமா உருக்கமாப் பேசினதாவும் வரும். நேத்துப் படிச்ச நீதிமன்றக் குறிப்புல அந்தப் பேச்சு கிடையாது. கிரேயோட புத்தகத்தைப் பத்தியும் ஒரு வார்த்தை இல்லை. சாட்சிகள் லீவை வாலர், ஜேம்ஸ் டிரெஸ்வன்ட்னு ரெண்டு பேரு வரும், அவ்வளவுதான். ஒரே நாள், ஒரே அறை, ரெண்டு தாள். நீதிமன்றக் குறிப்பு சுருக்கமா எழுதுறது வழக்கம், அதனால அதுல இல்லாததெல்லாம் நடக்கலைன்னும் சொல்லிட முடியாது. இந்த இடத்துல பிள்ளைங்க கொஞ்சம் குழம்புவாங்க. குழம்பட்டும், வரலாற்று ஆய்வாளர்களும் இதுலதான் மோதிக்கிறாங்க.

இப்ப, கடைசி பதினஞ்சு நிமிஷத்துல, உங்க மர அச்சுப் படம். 1831-லேயே நியூயார்க்ல சாமுவேல் வார்னர் வெளியிட்ட சின்னப் புத்தகத்துல வந்தது. செல்போன்ல எடுத்த படத்தை ஜெராக்ஸ் போட்டா முழுக்கக் கரியாயிடும். கோடுகள் அவ்வளவு நெருக்கம். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத் தளத்துல பெரிய அளவுக் கோப்பு இருக்கு, அதை இறக்கி, வெளிச்சத்தைக் கூட்டி, ஏ4 தாள்ல நாலு பேருக்கு ஒண்ணுன்னு எடுங்க. கீழே இருக்கிற விளக்கத்தை மடிச்சு மறைச்சிடுங்க.

ஒரு நிமிஷம் பேசாம பார்க்கணும். அப்புறம் விளக்கத்தைத் திறங்க. நாலு எண் இருக்கும். ஒண்ணு, பிள்ளைங்க உயிருக்காகக் கெஞ்சுற தாய். ரெண்டு, சொந்த அடிமைகளால கொடூரமாக் கொல்லப்படுற திரு. டிராவிஸ். மூணு, மனைவி தப்பிக்கிற வரைக்கும் வீரமாப் போராடின திரு. பாரோ. நாலு, கறுப்பர்களைத் துரத்துற குதிரைப்படை. எத்தனை பேருக்குப் பேர் இருக்கு, யாருக்கு இல்லைன்னு எண்ணச் சொல்லுங்க. 'கொடூரமா', 'வீரமா' இந்த ரெண்டு சொல்லும் யாருக்குப் போகுதுன்னு வட்டம் போடச் சொல்லுங்க. முதல் பீரியட்ல இதே படத்துக்கு 'ஐயோ'ன்னிருக்கக்கூடிய பிள்ளை, இப்ப 'நாலாவது படத்துக்கு அப்புறம் என்ன ஆச்சு?'ன்னு கேட்கும்.

அதுக்குப் பதில் படத்துல கிடையாது. அதுக்கு ரெண்டு துண்டு வச்சுக்கோங்க. ரிச்மண்ட் பத்திரிகை ஆசிரியர் ஜான் ஹாம்டன் பிளசன்ட்ஸ் படையோடவே போனவர், வெள்ளைக்காரர். விசாரணையே இல்லாமக் கறுப்பர்களைக் கொன்னதை அவரே எழுதினார். அடுத்து ஹேரியட் ஜேக்கப்ஸ். அப்ப வட கரோலினாவுல ஈடன்டன் ஊர்ல அடிமையா இருந்தவங்க. தேடுறோம்னு சொல்லிக் கூட்டம் கறுப்பர் வீடுகளுக்குள்ள புகுந்து சூறையாடினதைப் பின்னால தன் வரலாற்றுல எழுதினாங்க, 1861-ல அச்சாச்சு. முப்பது வருஷம் கழிச்சு வந்ததுன்னும் சொல்லுங்க. அதுவும் சான்றை எடைபோடுறதுல ஒரு பகுதி.

கிரேயோட புத்தகத்துல கொல்லப்பட்ட 55 வெள்ளையரோட பட்டியல் இருக்கு. அதுலயும் 'திருமதி லீவை வாலரும் பத்துப் பிள்ளைகளும்'னு ஒரு வரி வரும். சாட்சி சொன்ன லீவை வாலர் இருக்காரே, அவரோட மனைவிதான். வாசிக்கிறப்ப வகுப்பு அமைதியாயிடும், அந்த அமைதியை நீங்க பேசிக் கலைக்காதீங்க. கொஞ்சம் பொறுத்து, பதிலுக்குக் கொல்லப்பட்ட கறுப்பர்களோட பட்டியல் எங்கன்னு கேளுங்க. அப்படி யாரும் பட்டியல் எடுக்கலை. அதனாலதான் பழைய புத்தகங்கள்ல நூறு, இருநூறுன்னு போட்டிருக்கும், பின்னால வந்த ஆய்வாளர்கள் சிலர் குறைச்சுச் சொல்வாங்க. நீங்க ஒரு எண்ணைப் பிடிச்சுக்கிட்டு மனப்பாடம் பண்ணச் சொல்லிடாதீங்க.

செய்யக்கூடாததையும் சொல்லிடறேன். நடிச்சுக் காட்டச் சொல்லாதீங்க. யாரோ ஒரு பிள்ளை அடிமையா நிக்கணும், அந்தப் பேரு வருஷம் பூரா அந்தப் பிள்ளை மேல ஒட்டிக்கும். நம்ம வகுப்புல எந்தப் பிள்ளை மேல ஒட்டும்னு உங்களுக்கே தெரியும். 'நாட் டர்னர் ஹீரோவா, வில்லனா'ன்னு கைதூக்கச் சொல்றதும் வேண்டாம். கை தூக்கின கையோட யோசிக்கிறது நின்னுடும்.

மொழிபெயர்ப்பு பத்தி ஒண்ணு. அந்தக் காலத்துத் தாள்கள்ல 'கலகம்', 'கொள்ளைக் கூட்டம்', 'படுகொலை'ன்னுதான் இருக்கும். அதைத் தமிழ்ல 'விடுதலைப் போர்'னு மாத்திடாதீங்க, தாளோட சொல் தாள்ல அப்படியே இருக்கட்டும். 'நீக்ரோ'ங்கிற சொல் வரும் இடத்துல, இது அன்னைக்கு எழுதினவங்க சொல், நாம பேசுறப்பப் பயன்படுத்த மாட்டோம்னு முன்னாடியே சொல்லிடுங்க. பேர் வைக்கிற அரசியல் புரியலைன்னா வேலூரைக் காட்டுங்க. 1806-ல நடந்ததை ஒரு புத்தகம் சிப்பாய்க் கலகம்னும், இன்னொண்ணு வேலூர்ப் புரட்சின்னும் எழுதும். நம்ம பிள்ளைங்க டக்குனு பிடிச்சுக்குவாங்க.

வீட்டுப்பாடத்துக்கு அந்த 375 டாலர் தாளையே திருப்பிக் கொடுத்து அனுப்புங்க. பத்து வரி. முதல் அஞ்சு வரியில இந்தத் தாள் நமக்கு என்ன சொல்லுது, அடுத்த அஞ்சு வரியில இதை எழுதினவங்களுக்கு எதைச் சொல்ல அவசியமே படலை. ஆங்கிலம் தடுமாறுற பிள்ளைங்களுக்குத் தமிழ்ப் படியே போதும். ஆனா மூலத்தோட படத்தையும் பக்கத்துலயே ஒட்டிக் கொடுங்க, அந்தக் கையெழுத்தையும் பார்க்கட்டும்.

சரி, அடுத்த கேள்விக்குப் போலாம்.