ஈரநெல்லும் குத்துச்சண்டைத் தராசும்

(கிளிநொச்சியில் இளம் வீரர்களுக்கும் பெற்றோருக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

வணக்கம். இங்கே இருப்பவர்களில் பாதிப்பேராவது வயல் செய்கிறவர்கள். ஆகவே நெல்லில் இருந்தே தொடங்குகிறேன். ஈரநெல்லைக் கொண்டுபோனால் வாங்குகிறவர் ஈரப்பதம் பார்ப்பார். 14 சதவீதத்தைத் தாண்டினால் விலையைக் குறைப்பார், இல்லாவிட்டால் திருப்பி அனுப்புவார். தண்ணீருக்குக் காசு கொடுக்க அவருக்கு என்ன விசரா?

குத்துச்சண்டைத் தராசுக்கு அந்தப் புத்தி இல்லை. நிறைப் பிரிவுக்குள் வருவதற்காகத் தண்ணீர் குடிக்காமல், வியர்த்துக் காய்ந்து சுருங்கிய உடம்பை நிறுத்து, சரி என்று எழுதிவிடும். அடுத்த நாள் மேடை ஏறுவது தண்ணீர் குடித்துத் தேறிய வேறு உடம்பு.

2000 பெப்ரவரி 26, நியூயோர்க், மடிசன் ஸ்குயர் கார்டன். ஆர்டுரோ காட்டிக்கும் ஜோயி காமாஷுக்கும் சண்டை. பேசிய நிறை 141 இறாத்தல். முதல்நாள் இருவரையும் நிறுத்து, சரி என்றார்கள். சண்டை இரவு தொலைக்காட்சிக்காரர் தங்கள் தராசில் ஏற்றிப் பார்த்தால் காமாஷ் 145, காட்டி 160! காட்டி பேசிய நிறையைவிடப் பத்தொன்பது இறாத்தல் கூட, அதாவது எட்டரைக் கிலோவுக்கு மேல். இரண்டாம் சுற்றில் காமாஷ் விழுந்தார். அதன்பின் அவர் சண்டை பிடிக்கவேயில்லை. முதல்நாள் காட்டி ஒழுங்காக நிறுக்கப்பட்டாரா என்ற வழக்கு நீதிமன்றம் வரை போனது.

முன்பு சண்டை நாளிலேயே நிறுப்பார்கள். 1980களில் அதை முதல்நாளுக்கு மாற்றினார்கள். காய்ந்த உடம்போடு அடி வாங்கக் கூடாது, தண்ணீர் குடித்துத் தேற நேரம் வேண்டும் என்பதுதான் நினைப்பு. நல்ல நினைப்புத்தான். ஆனால் நேரம் கிடைக்கும் என்று தெரிந்ததும் இன்னும் கூடக் காயத் தொடங்கினார்கள். உலகப் பட்டங்கள் வழங்கும் ஐ.பி.எஃப் அமைப்பு பட்டப் போட்டிகளுக்கு மறுநாள் காலையிலும் நிறுத்து, பிரிவின் எல்லையைவிட 10 இறாத்தலுக்கு மேல் ஏறக்கூடாது என்று நீண்ட காலம் விதி வைத்திருந்தது.

குடித்த தண்ணீர் இரத்தத்துக்குச் சில மணித்தியாலத்தில் வந்துவிடும். தராசு முள்ளும் ஏறும். மூளையைச் சுற்றியுள்ள நீர் அதே வேகத்தில் தேறிவிட்டதா என்று முள் சொல்லாது. குத்து விழுவதோ தலையில்.

அப்புறம் ஒன்று. இதெல்லாம் காசுக்குச் சண்டை பிடிப்பவர்களின் கதை. எங்கள் பிள்ளைகள் போகிற போட்டிகளில் சண்டை நாள் காலையில்தான் நிறுப்பார்கள். தேற ஒரு நாள் கிடைக்காது. அவர்களின் வீடியோ பார்த்து அதேமாதிரி நிறை குறைக்கப் பழகினால் காய்ந்தபடியேதான் மேடை ஏறவேண்டும். அதுவும் வன்னி வெயிலில், சிறுநீரக நோய் வவுனியாப் பக்கம் எத்தனை வீடுகளில் புகுந்திருக்கிறது என்று தெரிந்த ஊரில்!

பயிற்சிக்கு முன்னும் பின்னும் பிள்ளையை நிறுங்கள். ஒரு கிலோ குறைந்தால் அது ஏறக்குறைய ஒரு லீட்டர் வியர்வை, கொழுப்பு இல்லை. பிரிவுக்குள் நிற்க முடியாவிட்டால் அடுத்த பிரிவில் இறக்குங்கள். வளருகிற பிள்ளை நிறை கூடத்தானே செய்யும்?

பின்னேரத்தில் மழைக்கோட்டுப் போட்டுக்கொண்டு குளக்கட்டில் ஓடுகிற ஒருவன் இங்கே இருக்கிறான். பெயர் சொல்லமாட்டேன். அந்தக் கோட்டை மாரிக்கு எடுத்து வை, தம்பி.