பசியை அடக்கும் மூலிகை மாத்திரை: டப்பாவைத் திருப்பிப் பாருங்கள்

வணக்கம் மக்களே. இன்றைக்கு பசியைக் குறைக்கும் என்று சொல்லி விற்கிற மூலிகை மாத்திரைகளைப் பார்க்கப்போகிறோம். ‘இயற்கையானது, பக்கவிளைவே கிடையாது, ஒன்று போட்டால் சாப்பாட்டு நினைப்பே வராது.’ எந்த விளம்பரத்தை எடுத்தாலும் இந்த மூன்றும் சேர்ந்தே வரும். எந்தச் செடியில் எவ்வளவு சரக்கு இருக்கிறது என்று பார்த்துவிடலாம்.

முதலில் ஓரளவு வேலை செய்கிற ஒன்று: குளுக்கோமன்னன். கொஞ்சாக் என்ற கிழங்கிலிருந்து எடுக்கிற நார்ச்சத்து. சேனைக்கிழங்குக்கு நெருங்கிய சொந்தம். இதோ, ஒரு கிராம் எடுத்து வைத்திருக்கிறேன். தேக்கரண்டியில் பாதிகூட வராது. அரை டம்ளர் தண்ணீரில் தூவி நன்றாகக் கலக்குகிறேன். இது கொஞ்ச நேரம் ஊறட்டும்.

அதற்குள் ஹூடியா கதையைச் சொல்லிவிடுகிறேன். கேட்டால் கொஞ்சம் கோபம் வரும். கலஹாரி பாலைவனத்தில் வாழும் சான் மக்கள், வேட்டைக்குப் போகும்போது பசி தெரியாமல் இருக்க மென்ற கள்ளி மாதிரியான செடி அது. தென்னாப்பிரிக்காவின் அரசு ஆய்வு நிறுவனம் ஒன்று 1990களில் அதற்குக் காப்புரிமை வாங்கியது, சான் மக்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல். எதிர்ப்பு கிளம்பிய பிறகு, 2003இல்தான் லாபத்தில் அவர்களுக்கும் பங்கு என்று ஒப்பந்தம் போட்டார்கள். ஃபைசர் கையில் எடுத்தது, கைவிட்டது. அப்புறம் யூனிலீவர் வந்தது, அதுவும் 2008இல் விலகிக்கொண்டது. ஏன் என்பது 2011இல் வெளியான ஆய்வைப் பார்த்தால் புரியும். 15 நாள் ஹூடியா சாறு கொடுத்த பெண்கள், வெற்று மருந்து கொடுத்த பெண்களைவிடக் குறைவாகச் சாப்பிடவில்லை. குமட்டல் வந்தது, ரத்த அழுத்தமும் நாடித்துடிப்பும் ஏறின. பெரிய கம்பெனிகளே கைகழுவிய சரக்கு அது. ஆனால் டப்பா இன்னும் விற்றுக்கொண்டுதான் இருக்கிறது!

சரி, டம்ளரைப் பார்ப்போம். சாய்க்கிறேன். தண்ணீர் மாதிரி ஓடவில்லை, கெட்டியாக, மெதுவாக வழிகிறது, பாருங்கள். வயிற்றிலும் இதேதான் நடக்கிறது. இரைப்பை கொஞ்சம் விரிகிறது, அந்தச் செய்தி நரம்பு வழியாக மூளைக்குப் போகிறது, இரைப்பை காலியாவதும் தாமதமாகிறது. இதில் ரகசியம் எதுவும் இல்லை. இது எடை குறைய உதவும் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2010இல் ஏற்றுக்கொண்டபோது சொன்ன அளவு, தினம் 3 கிராம். ஒவ்வொரு கிராமாக மூன்று வேளை, சாப்பாட்டுக்கு முன்பு, ஒன்றிரண்டு டம்ளர் தண்ணீரோடு. கூடவே, உணவின் கலோரியையும் குறைத்திருக்க வேண்டும். இந்தக் கடைசி வரிதான் டப்பாவில் கண்ணுக்கே தெரியாத எழுத்தில் இருக்கும். அப்படிச் செய்தும் எடை குறைவது கொஞ்சம்தான். சில ஆய்வுகளில் அதுவும் தெரியவில்லை.

ஆபத்தும் இதே வீக்கத்தில்தான் இருக்கிறது. மாத்திரையாக விழுங்கி, அது உணவுக்குழாயிலேயே ஊதி அடைத்துக்கொண்ட சம்பவங்கள் உண்டு. ஆஸ்திரேலியா 1980களிலேயே இதன் மாத்திரைக்குத் தடை போட்டது. பொடியை வெறும் வாயில் போடாதீர்கள், படுக்கப் போகும் நேரத்தில் சாப்பிடாதீர்கள். விழுங்குவதில் சிரமம் உள்ளவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம்.

கார்சீனியா, அதாவது குடம்புளி. இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். எலிகள் குறைவாகத் தின்றன என்று ஆரம்பித்தது. 1998இல் 135 பேரை வைத்து 12 வாரம் சோதித்தார்கள், வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் இவர்களுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. பின்னாளில் கல்லீரல் பாதிப்புச் செய்திகளும் வந்தன. சமையலில் போடுகிற புளி வேறு, சாறை வடித்துச் செறிவாக்கிய மாத்திரை வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

என்னை உண்மையிலேயே பயமுறுத்தியது வேறு விஷயம். அமெரிக்காவில் தேஹோகோத்தே என்ற மெக்சிகோ மரத்தின் வேர் என்று சொல்லி எடைக்குறைப்பு மருந்து இணையத்தில் விற்றார்கள். உணவு மருந்துத் துறை சோதித்தபோது, பலவற்றில் உள்ளே இருந்தது மஞ்சள் அரளி. ஆமாம், அரளிதான்! இதயத்தையே நிறுத்தக்கூடிய நஞ்சு. செடிதானே, என்ன செய்துவிடும் என்று இனிமேல் என்னிடம் யாரும் சொல்லாதீர்கள். இன்னொரு பக்கம், ‘முழுக்க மூலிகை’ என்று போட்டுவிட்டு உள்ளே சிபுட்ராமின் என்ற பசியை அடக்கும் ரசாயன மருந்தைக் கலந்த சரக்கும் பிடிபட்டிருக்கிறது. மாரடைப்பு, பக்கவாத அபாயத்துக்காக 2010இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சந்தையை விட்டு எடுக்கப்பட்ட மருந்து அது. ஒரு மூலிகை மாத்திரை சொன்னதற்கும் மேலாக, சட்டென்று பசியைக் கொன்றால், நான் சந்தோஷப்பட மாட்டேன், சந்தேகப்படுவேன்.

டப்பாவின் பின்பக்கம் ‘புரொப்ரைட்டரி பிளெண்ட்’, அதாவது கம்பெனியின் சொந்தக் கலவை என்று எழுதி, பத்துச் செடிப் பெயரை வரிசையாகப் போட்டு, மொத்தத்துக்கும் ஒரே ஒரு மில்லிகிராம் கணக்கு கொடுத்திருந்தால் அங்கேயே வைத்துவிடுங்கள். எதில் எவ்வளவு என்று அதை வைத்துக் கண்டுபிடிக்கவே முடியாது.

கடைசியாக, சர்க்கரைக்கோ வேறு எதற்கோ தினமும் மருந்து எடுப்பவர்கள் கவனிக்க. கூழாகிற நார், கூடவே விழுங்கிய மாத்திரையை உடம்பில் சேரவிடாமல் செய்யலாம், சர்க்கரையையும் கூடுதலாக இறக்கலாம். எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்று மருத்துவரிடம் கேளுங்கள். கேட்கப் போகும்போது டப்பாவையே கையில் எடுத்துக்கொண்டு போங்கள். பெயரை மட்டும் சொன்னால் உள்ளே என்ன இருக்கிறது என்று அவருக்கும் தெரியாது.