புதிய ஓவனுக்கு லைன் இழுக்கும்முன் எர்த்தைப் பாருங்கள்

அனைவருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு அடுக்களையில், அலமாரிக்குள் பொருத்தும் மின்சார ஓவன் ஒன்றை இன்று இணைக்கிறோம். வேலையைச் செய்பவர் உரிமம் பெற்ற வயர்மேன் அண்ணாச்சி. அவர் செய்வதைக் காட்டி விளக்குவது மட்டுமே என் பொறுப்பு.

ஓவனின் பின்புறத் தகட்டில் 3000 வாட் என்று போட்டிருக்கிறது. நம் வீட்டு 230 வோல்ட்டில் அது ஏறத்தாழ 13 ஆம்பியர் இழுக்கும் என்பதால், மிக்சி ஓடும் 6 ஆம்பியர் பாயின்ட் இதற்கு ஆகாது. கிரைண்டரும் ஃபிரிட்ஜும் ஏற்கெனவே ஓடுகிற 16 ஆம்பியர் லைனிலிருந்தும் பிரித்து எடுக்கக் கூடாது. வீட்டு லைன்கள் பிரியும் டிபி பாக்ஸிலிருந்து தனி லைன், அதற்கென, மின்சாரம் அளவு மீறினால் தானாக அணையும் தனி எம்சிபி. 2.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) ஒயர் போதும் என்றாலும், நாள் முழுவதும் வெயில் காயும் மேற்குச் சுவருக்குள் பைப் போவதால் 4 ஸ்கொயர் போடச் சொல்லிவிட்டேன்.

இனி, நான் முக்கியமாகக் காட்ட விரும்புவது இதைத்தான். மெயினை அணைத்துவிட்டுக் கழற்றிய பழைய சாக்கெட்டின் பின்புறம் இது. மின்சாரம் திரும்பும் நியூட்ரல் ஒயரின் திருகிலிருந்து மேலே உள்ள பெரிய எர்த் துளையின் திருகுக்கு, விரல் நீளத்தில் ஒரு கறுப்பு ஒயர்த் துண்டு போகிறது, பாருங்கள். கசியும் மின்சாரத்தை மண்ணுக்கு இறக்கும் பச்சை எர்த் ஒயரே இல்லை. எர்த் இழுக்காத பழைய வீடுகளில் யாரோ ஒருவர் செய்துவிட்டுப் போகும் இந்த வேலை உயிருக்கு உலை வைப்பது. எங்கேனும் நியூட்ரல் அறுந்துவிட்டால், ஓவனுக்குள் போன மின்சாரம் திரும்பும் வழியின்றி இந்தத் துண்டு வழியாக வெளித்தகட்டுக்கு வந்து நிற்கும். ஈரக்கையோடு கதவைத் திறப்பவர் 230 வோல்ட்டைத் தொடுவார். அதைவிடக் கொடுமை, இந்த இணைப்பு, மின்கசிவு கண்டால் தானாக விழுந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபிக்குப் பின்னால் இருந்தால், தகட்டில் கசியும் மின்சாரமும் நியூட்ரல் வழியாகவே திரும்பிவிடுவதால், போவதும் வருவதும் சமமென்று கருதி ஆர்சிசிபி விழாமல் சும்மா இருக்கும்.

மின்சாரம் வரும் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே குண்டு பல்பைப் பிடித்து, 'நன்றாக எரிகிறது, எர்த் இருக்கிறது' என்று சொல்லிவிடுவது வழக்கம். மேலே காட்டிய கள்ள இணைப்பிலும் அதே பல்பு அதே வெளிச்சத்தில் எரியும். 100 வாட் பல்பு அரை ஆம்பியருக்கும் குறைவாகவே இழுப்பதால், எர்த் ஓரளவு மோசமாக இருந்தாலும் வெளிச்சத்தில் பெரிய வேறுபாடு தெரியாது. ஆகவே சாக்கெட்டைக் கழற்றிக் கண்ணால் பார்ப்பதும், எர்த் டெஸ்டர் வைத்து அளப்பதும் கட்டாயம்.

நம் மாவட்டத்தில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தாமிரபரணிக் கரையில் வயலை ஒட்டிய ஊர்களில் மண்ணில் ஈரம் நிற்கும். திசையன்விளை, இட்டமொழிப் பக்கத்துத் தேரி என்னும் செம்மணல் மேடுகளில் அப்படி நிற்காது. உலர்ந்த மணல் மின்சாரத்தை எளிதில் கடத்தாது. எனவே ஐப்பசி மழையில் அளந்த அளவை நம்பாமல், சித்திரை வெயிலில் ஒருமுறை அளந்து, எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்றி வாருங்கள்.

அண்ணாச்சி இப்போது கறுப்புத் துண்டை எடுத்துவிட்டு, டிபி பாக்ஸின் எர்த் பட்டையிலிருந்து பச்சை ஒயரைப் புதிய சாக்கெட்டுக்குக் கொண்டுவருகிறார். பிளக்கில் எர்த் முள் மட்டும் நீளமாக இருப்பதைக் கவனியுங்கள்: ஃபேஸ் தொடுவதற்கு முன்பே ஓவனின் உடம்பு எர்த்தோடு சேர்ந்துவிட வேண்டும் என்பதற்காகவே அப்படிச் செய்கிறார்கள். அந்த முள்ளை ஒடித்து இரண்டு துளை பாயின்டில் செருகாதீர்கள்.

16 ஆம்பியர் எம்சிபி ஒயரைக் காக்கும். ஆளைக் காக்க 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி வேண்டும். அதன் டெஸ்ட் பொத்தானை அழுத்துகிறேன், உடனே விழுந்துவிட்டது. அந்தக் கருவி வேலை செய்கிறது என்பதை மட்டுமே இந்தப் பொத்தான் சொல்லும். எர்த் சரியாக இருக்கிறதா என்று அது பார்ப்பதில்லை. அதனால் அண்ணாச்சி குழியருகே டெஸ்டரை வைத்து அளந்து முடித்த பிறகே ஓவனைப் போடுவோம்.