4,490 கிலோவுக்குள் ஒரு வீடு

வணக்கம் நேயர்களே. எனக்குப் பத்து நிமிடம் தந்திருக்கிறார்கள். நான் பேச்சில் தடம் மாறுகிறவன் என்று யாரோ சொல்லிவைத்திருக்க வேண்டும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வானொலி நிலையத்துத் தம்பி இப்போதே கடிகாரத்தின்மேல் ஒரு கண் வைத்திருக்கிறார்.

மெல்பர்னில் முப்பது ஆண்டுகள் பிறருடைய கணக்கைப் பார்த்துப் பிழைத்தவன் நான். ஓய்வு பெற்றபின் மனைவியும் நானும் பதினான்கு மாதங்கள் ஒரு மோட்டார்ஹோமில் குடியிருந்தோம். காருக்குப் பின்னால் இழுத்துப் போவது கேரவன். ஓட்டுகிற இருக்கை, கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாம் ஒரே வண்டிக்குள் இருந்தால் அது மோட்டார்ஹோம். இப்படிச் சுற்றுகிற வயதானவர்களை இங்கே 'கிரே நோமட்' என்பார்கள், நரைத்த நாடோடி. எனக்கு நரைக்கவும் தலையில் ஒன்றும் மிச்சமில்லை. அது வேறு கதை.

கோயில் மண்டபத்திலும் கல்யாண வீட்டுப் பந்தியிலும் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "அண்ணா, வீட்டை விற்றுவிட்டு இப்படி ஒரு வண்டி வாங்கலாமா?" வண்டி வாங்குங்கள், வீட்டை விற்காதீர்கள் என்பதே என் பதில். குறைந்தது ஓராண்டுக்கு விற்காதீர்கள். இன்றைக்கு இதை நான் பல தடவை சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

"வீட்டு வரி இல்லை, புல் வெட்ட வேண்டாம், செலவு பாதியாகிவிடும்" என்று ஒரு பேச்சு இருக்கிறது. பார்ப்போம். நாங்கள் 24,000 கிலோமீட்டர் ஓடினோம். நூறு கிலோமீட்டருக்கு 14 லிட்டர் டீசல். லிட்டர் 2 டாலர் என்று வைத்தாலும் 6,720 டாலர். மேற்கு ஆஸ்திரேலியாவுக்குப் போகிற வழியில் உள்ள வறண்ட நல்லார்பர் சமவெளியில் அடுத்த பெட்ரோல் நிலையம் வரும்வரை வேறு வழியே கிடையாது, அவர்கள் கேட்கிற விலைதான் விலை. மின்சார இணைப்புள்ள இடத்தில் வண்டியை நிறுத்த நாங்கள் சராசரியாக இரவுக்கு 50 டாலர் கொடுத்தோம். இலவச இடங்களும் உண்டு. ஆனால் மூன்றாம் நாள் தண்ணீர் தீரும், நான்காம் நாள் மனைவியின் பொறுமை தீரும்.

இதெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற செலவு. 1,40,000 டாலருக்கு வாங்கிய வண்டியைப் பதினான்கு மாதம் கழித்து 1,19,000 டாலருக்கு விற்றேன். 21,000 டாலர் போயிற்று. நாளொன்றுக்குக் கணக்குப் பார்த்தால் ஏறக்குறைய 50 டாலர். ஓட்டினாலும் 50, மரத்தடியில் நிறுத்திவிட்டுத் தேநீர் குடித்தாலும் 50. வீடு பெரும்பாலும் விலை ஏறும், வண்டி நாள்தோறும் தேயும். ஏறுவதை விற்றுத் தேய்வதை வாங்கலாமா என்று கேட்டால், கணக்காளன் வேறு என்ன சொல்வான்?

சரி, எடைக் கதைக்கு வருகிறேன். இதைச் சொல்லாமல் என்னால் இந்த அறையைவிட்டு வெளியே போக முடியாது.

இங்கே சாதாரணக் கார் உரிமத்தை வைத்து 4.5 டன் வரை அனுமதிக்கப்பட்ட வண்டியை ஓட்டலாம். அதனால்தான் பல மோட்டார்ஹோம்களின் உச்ச எடையை, அதாவது வண்டி, ஆள், சாமான் எல்லாம் சேர்ந்து தாண்டக்கூடாத எடையை, 4,490 கிலோ, 4,495 கிலோ என்று வரம்பை உரசி வைத்திருக்கிறார்கள். எங்களுடையது 4,490. வாங்கும்போது அந்த எண்ணைப் பார்த்தேன். பார்த்துத் தலையாட்டினேன். முப்பது ஆண்டு எண்களோடு வாழ்ந்தவன், அந்த ஓர் எண்ணை மட்டும் கூட்டிப் பார்க்கவில்லை.

புறப்பட்ட மூன்றாம் நாள், விக்டோரியாவின் மேற்கே ஒரு தானிய ஊர். எங்கள் பக்கத்தில் வண்டி நிறுத்தியிருந்த பெரியவர் எங்கள் பின்சக்கரத்தைக் குனிந்து பார்த்தார். "எடை போட்டீர்களா?" என்றார். இல்லை என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனம்தான் என்னை எடை மேடைக்கு அனுப்பியது. கோதுமை லாரிகளுக்கு நடுவே வரிசையில் நின்றோம். சீட்டு வந்தது: 4,760. கூடுதலாக 270 கிலோ! விபத்து நடந்தால் காப்புறுதி நிறுவனம் கையை விரிக்கலாம். பிரேக் பிடித்தால் வண்டி நிற்குமா என்பது அதற்கு முந்திய கேள்வி.

அன்று மாலை சாமான்களை எல்லாம் புல்வெளியில் இறக்கினோம். மாவரைக்கும் கிரைண்டர், 12 கிலோ. அரிசி இரண்டு மூட்டை, 40 கிலோ. பித்தளைக் குத்துவிளக்கு. மூன்று இரும்புச் சட்டி. ஓய்வில் வாசிக்கலாம் என்று நான் கட்டிவந்த புத்தகப் பெட்டி மட்டும் 46 கிலோ. தொட்டி நிறையத் தண்ணீர், லிட்டருக்கு ஒரு கிலோ என்பதை நான் மறந்தே போனேன். மனைவி சுற்றிப் பார்த்துவிட்டு, "வீட்டை விட்டு வந்தோம் என்றீர்கள். வீடு பின்னாலேயே வந்திருக்கிறதே" என்றார். அரிசி ஒரு தேவாலயத்தின் உணவு உதவிக்குப் போயிற்று. புத்தகங்களும் கிரைண்டரும் சரக்கு லாரியில் மகள் வீட்டுக்குத் திரும்பின.

மனைவி விடமாட்டேன் என்றது ஒரே ஒரு பொருள், தொட்டியில் வளர்த்த கறிவேப்பிலைச் செடி. அதை மடியில் வைக்காத குறையாக நல்லார்பரைக் கடந்தோம். மேற்கு ஆஸ்திரேலிய எல்லையில் சோதனைச் சாவடி இருக்கிறது. பழம், காய்கறி, தேன், செடி போன்றவற்றைப் பெரும்பாலும் உள்ளே விடமாட்டார்கள். அதிகாரி மிகவும் மரியாதையாகத்தான் வாங்கிக்கொண்டார். அதற்கப்பால் பலடோனியாவுக்கும் காய்குனாவுக்கும் இடையே 146 கிலோமீட்டர் சாலை ஒரு வளைவும் இல்லாமல் போகிறது. அந்தச் சாலை வருவதற்கு முன்பும் சரி, வந்த பின்பும் சரி, எங்களுக்குள் ஒரு வார்த்தை பேச்சில்லை. ஏழு மீட்டர் வண்டியில் கோபித்துக்கொண்டு போய் உட்கார இன்னோர் அறை கிடையாது. இந்தக் குறையை எந்த விளம்பரத்திலும் நான் பார்த்ததில்லை.

கழிவுப் பெட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். சுமார் 20 லிட்டர் கொள்ளும். அது நிறைந்ததும் உருட்டிக்கொண்டு போய் அதற்குரிய இடத்தில் கொட்ட வேண்டும். காலை ஏழு மணிக்கு அங்கே வரிசையில் நிற்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. இதற்குமேல் வேண்டாம், சிலர் சாப்பிட்டுக்கொண்டிருப்பீர்கள்.

தம்பி இரண்டு விரல் காட்டுகிறார். இன்னும் முக்கியமானதற்கே வரவில்லையே!

எங்கள் நண்பர் ஒருவர் 2019இல் வீட்டை விற்றுவிட்டுக் கிளம்பினார். மூன்றாண்டில் மனைவிக்கு இடுப்பு அறுவைச் சிகிச்சை. வண்டிப் படி ஏற முடியாது. திரும்பி வந்தால், வீடு விற்ற காசுக்கு அதே தெருவில் பாதி வீடுகூட இல்லை. இன்று மகள் வீட்டுப் பின்னறையில் இருக்கிறார்கள். வண்டி வாசலில் நிற்கிறது, ஓட்ட ஆளில்லை. அதனால்தான் சொல்கிறேன், விற்காதீர்கள்.

முதியோர் ஓய்வூதியம் வாங்குகிறவர்களுக்கு, வேகமாகச் சொல்கிறேன். ஓய்வூதியத் தொகையை முடிவுசெய்ய நம் சொத்தையும் பார்ப்பார்கள்; குடியிருக்கும் வீடு அந்தக் கணக்கில் வராது. தற்காலிகமாக வெளியே போனாலும் 12 மாதம் வரை அப்படியே. ஓராண்டு சோதித்துப் பார்க்க அரசாங்கமே வழி வைத்திருக்கிறது. விற்ற காசு வங்கியில் கிடந்தால் கதை மாறும். விற்கும் முன், ஓய்வூதியம் வழங்கும் அரசு அமைப்பான 'சர்வீசஸ் ஆஸ்திரேலியா'வின் நிதித் தகவல் சேவையில் கேளுங்கள், கட்டணம் இல்லை. ஆம்புலன்ஸ் செலவை அரசின் மருத்துவக் காப்புறுதியான மெடிகேர் ஏற்காது, அதற்குத் தனியாக ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். மருந்துச் சீட்டு, கடித முகவரி... அவற்றுக்கு நேரமில்லை.

ஒன்றே ஒன்று, தம்பி. வண்டி வாங்கப் போகிறவர்கள் பணம் கொடுக்கும் முன் தண்ணீர்த் தொட்டியையும் டீசலையும் நிரப்பி, இரண்டு பேரும் உள்ளே ஏறி உட்கார்ந்து எடை போடச் சொல்லுங்கள். கிரைண்டரையும் கையோடு கொண்டுபோங்கள். சரி சரி, எழுந்துவிட்டேன். வணக்கம்.